படத்தில் கண்ட கண்டி

ஓர் ஊரைக் காண விரும்பினோர் முற்காலத்தில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டனர். இக்காலத்திலோ வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே உலகத்து ஊர்கள் பலவற்றையும் கண்டு விடுகின்றோம். அவ்வாறு கண்ட ஊரை நேரிற் சென்று கண்டால் என்ன என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று. அதற்குக் காரணமாய் இருந்தவள் எம் மகள்.

2024 மார்கழி விடுமுறை. கொழும்பில் விடாத மழை. வெளியே செல்ல வழியின்றி நாமும், மனைவியாரும், பத்தாம் வகுப்பிற் பயிலும் மகளும், எம்முடன் வாழும் மாமியுமாக மூன்று இரவுகளில் மூன்று படங்களைப் பார்த்து முடித்தோம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்தி 1984 இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' ஒன்று. பிரசன்ன விதானகே என்னும் எம் நாட்டு நெறியாளரின் 'காடி', 'பரடைஸ்' என்பன மற்றை இரண்டு. மூன்றும் ஏதோ ஒரு வகையிற் கண்டிச் சீமையைத் தொட்டவை.

முதலாவது படம் ஓடிக்கொண்டிருந்தபொழுது, கைபேசியில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்த மகள் திடீரென நிமிர்ந்தாள்.

"அப்பா, இந்தக் கிராமத்தைக் கண்டியில அந்தானையில வைச்சுத்தானாம் எடுத்தவை. பிறகேன் இந்தியா எண்டு சொல்லுகினம்?"

கேள்வி எளிது. விடையும் ஓரளவுக்கு எளிதே. 1935 இல் இந்தியாவில் நிகழ்வதாக அமைந்த கதை அது. கதையின் போக்கு இந்திய அரசுக்கு உவப்பாக இல்லை. திருத்தங்கள் வேண்டும் என்றனர், படக்குழுவினர் இணங்கவில்லை. ஆதலின் அவர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு வந்தனர். 1983 ஏப்ரலிற் கண்டியிற் படப்பிடிப்புத் தொடங்கியது. எம் மலை இந்திய மலையாயிற்று. அக்கிராமத்தார் பேசும் மொழியை உற்றுக் கேட்டால் அது சிங்களம் என்பது இலங்கையர் எவருக்கும் புலப்படும்.

"அப்ப அந்த மலையில உண்மையா இருக்கிற ஆக்கள் எங்க?" என்று மகள் மீண்டும் வினவினாள். இதற்கு எம்மிடம் விடை இல்லை. மழை சற்று ஓய்ந்த ஒரு காலையிற் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நால்வரும் வண்டி ஏறினோம்.

ஏரிக்கரையில்

கொழும்பிலிருந்து கண்டி சுமார் 75 மைல். 1867 இற் கண்டியை எட்டிய இந்த இருப்புப்பாதை, றம்புக்கணைவரை வயலும் தென்னையுமாகச் சோம்பிக் கிடந்து, அப்பாற் கடுகண்ணாவை மலையிற் மூச்சிரைக்க ஏறுகின்றது. ஒருபுறம் பாறைச் சுவர். மறுபுறம் கிடுகிடு பள்ளம். பள்ளத்திற்கு அப்பால் மஞ்சு மூடிய பத்தலேகலைப் பாறை. எமது பெட்டியில் இருந்த சிறுவர் அனைவரும் சாளரத்தை மொய்த்துக்கொண்டனர். மாமி மட்டும் கண்களை மூடிப் பிள்ளையாரைத் துணைக்கழைத்தார்.

கண்டியை அடைந்து, கட்டுக்கலைச் செல்வ விநாயகரைத் தரிசித்த பின்னர் ஏரிக்கரையை எய்தினோம். மாலை வெயில் நீரின்மேற் படிந்திருந்தது. வெண்ணிற மதில், அலைபோல் வளைந்து வளைந்து கரையோரம் செல்கிறது. அப்பால் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம். இத்தனை அழகையும் கண்டு மகிழ வேண்டிய வேளையில் எம் நெஞ்சில் நின்றது முதல் நாட் பார்த்த 'காடி' படமே.

2019 இற் கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் முதன்முறை காட்டப்பட்ட அப்படம் 1814 ஆம் ஆண்டுக் கண்டியைக் காட்டுகிறது. மன்னனுக்கெதிராகப் பிரதானிகள் செய்த சதி வெளியாகின்றது. அவர்தம் குலப்பெண்கள் நீரில் மூழ்கி மாளவேண்டும். அன்றேல், தாழ்த்தப்பட்ட ரொடி மக்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒருத்தி மட்டும் சாவை மறுத்து வாழ்வைத் தெரிந்துகொள்கிறாள். குலமும் ஆடையும் பறிக்கப்பட்ட பின்னர் ஒரு மனிதப் பிறவியிடம் எஞ்சி நிற்பது யாது என்பதே படத்தின் வினா. பார்த்து முடிந்ததும் எமது கூடத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

தண்டனை விதித்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழியினன். இந்த ஏரியைக் கட்டுவித்தவனும் அவனே. எகலப்பொலைக் குமாரிகாமியும் அவர்தம் பிள்ளைகளும் 1814 இற் கொல்லப்பட்ட கதையை இந்நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிவர்.

ஏரியைப் பார்த்தபடி மாமி சொன்னார்: "இவனை எங்கட ஆள் எண்டு சொல்லுறதோ, அரக்கன் எண்டு சொல்லுறதோ தெரியேல்லை."

எமக்கும் தெரியவில்லை. ஆனால், படம் காட்டியது ஓராண்டினை. நகரம் தாங்கி நிற்பதோ எழுபத்தாறு ஆண்டுகளை. 1739 முதல் 1815 வரை நாயக்க மன்னர் நால்வர் இங்கு ஆண்டனர். அவருள் ஒருவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, 1753 இற் புத்த சங்கத்தின் உபசம்பதையைப் புதுப்பித்தவன். தேவாலயங்களின் பெரகராவிற் புனித தந்தத்துக்கு முதலிடம் அளித்தவனும் அவனே. கண்ணுசாமியின் முடிவும் இரங்கத்தக்கது. 1815 பெப்ரவரியிற் பிடிபட்டு, மார்ச் 2 ஆம் நாள் ஒப்பந்தத்தால் முடியிழந்து, வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே மாண்டான்.

திரும்பும் வழியில் மலபார் வீதி என்ற பெயர்ப்பலகையை மகள் காட்டினாள். மன்னனின் உறவினர் குடியிருந்த தெரு அது. உறவினர் எவரும் இன்றில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. எந்தப் படத்திலும் அத்தெருவை நாம் கண்டதாக நினைவில்லை.

விடுதியில் ஒரு நாடகம்

இரவு விடுதியிற் சாப்பாடு முடிந்ததும் மாமி தொலைக்காட்சியைத் தேடினார். நாள்தோறும் அவர் பார்க்கும் சென்னைத் தொடர் தவறிவிடலாகாது. பளிங்குத் தரை, வளைந்த மாடிப்படி, பட்டுச்சேலை உடுத்தபடியே உறங்கி எழும் மருமகள், கதவின் பின்னே நின்று ஒட்டுக்கேட்கும் மாமியார். அன்று மருமகளை வீட்டைவிட்டுத் துரத்தினர். மாமி கண்ணீர் வடித்தார்.

"இந்த வீட்டுக்கு ஏன் யன்னலே இல்லை, அம்மம்மா?" என்றாள் மகள். உண்மைதான். எத்தனை நாள் பார்த்தாலும் அவ்வீட்டின் வெளியே எந்த ஊர் இருக்கிறது என்பது தெரியவில்லை.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமது இளமைக் காலத்தை நினைவுகூர்ந்தார். அக்காலத்தில் இலங்கை வானொலியிற் சானாவின் 'லண்டன் கந்தையா' ஒலிபரப்பாகும்பொழுது ஊரே வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருக்குமாம். "எங்கட பேச்சு அப்பிடியே கேக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதைக்கிற மாதிரி இருக்கும்" என்றார். 1982 இல் ரூபவாஹினி வந்தது. பின்னர் வானத்துக் கோள்கள் வழியே சென்னையும் வந்தது. படம் தெளிவாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரின் குரல் மட்டும் குறைந்துபோயிற்று. மாமியைக் குறைகூற நாம் துணியோம். பிறர் வீட்டுத் துயருக்கு அழும் நெஞ்சம் நல்ல நெஞ்சமே.

மூழ்கிய ஊரும் அறுந்த பாலமும்

மறுநாட் காலை வாடகை வான் ஒன்றில் திகணை வழியாக விக்டோரியா அணைக்குப் புறப்பட்டோம். சாரதி, நடுவயதுச் சிங்களவர்; தமிழ் நன்கு பேசினார். அவரது பேச்சு 'பரடைஸ்' படத்தை நினைவூட்டியது.

2023 இற் பூசான் விழாவிற் பரிசு பெற்று, 2024 ஆனியில் அரங்குகளில் வெளிவந்த படம் அது. 2022 பொருளாதார நெருக்கடியின்பொழுது, கேரளத்துத் தம்பதியர் இராமாயணத் தலங்களைக் காண மலைநாட்டுக்கு வருகின்றனர். இரவிற் கொள்ளையர் புகுகின்றனர். பொலிசார் தமிழ் இளைஞர் சிலரைப் பிடிக்கின்றனர். அடிபட்ட அவர்களுள் ஒருவர் உயிரிழக்கிறார். அதன்மேல் எழும் நெருப்பே கதை. விடுமுறைக்கு வந்தவர் தம் உடைமைக்காகக் கேட்ட நீதி, வேறொருவர் வீட்டுப் பிள்ளையின் உயிரைக் குடித்துவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளாகிய எமக்கு அப்படம் ஒரு சாட்டையடி.

சாரதி படத்தைப் பார்த்திருக்கவில்லை. கதையைச் சொன்னோம். "எண்ணெய் வரிசை வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றோம். "நான் இரண்டு இரவு வானுக்குள்ளேயே தூங்கினேன், ஐயா. அந்த வரிசையில சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாம் ஒரே பசிதான்" என்றார். பின்னர்ச் சிறிது நேரம் கழித்து, "அந்த இறந்த பையனுக்கு அம்மா இருந்தாங்களா, படத்துல?" என்று வினவினார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வந்த தம்பதியரின் முகங்கள் நினைவில் தெளிவாக நின்றன. இறந்தவன் வீட்டை நினைவுபடுத்திப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை.

அணையை அடைந்தோம். மகாவலியை மறித்து வளைந்து நிற்கும் அச்சுவர் 122 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் மிக உயர்ந்த அணை. பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985 இல் திறக்கப்பட்டது. இந்தியானா ஜோன்ஸ் படத்தின் இறுதியில் நாயகன் வாளால் வெட்டி அறுக்கும் கயிற்றுப் பாலம், அந்நாளில் இவ்வணை வேலையில் ஈடுபட்டிருந்த பொறியியலாளரின் துணையுடன், அண்மையிலுள்ள பள்ளத்தாக்கின் மேற் கட்டப்பட்டதே. கயிறு என்று நாம் கண்டது உள்ளே உருக்குக் கம்பி. உயரத்துக்கு அஞ்சும் ஸ்பீல்பேர்க் அப்பாலத்தைக் கடக்கவே இல்லையாம். வண்டியிற் சுற்றிக்கொண்டே மறுகரைக்குச் சென்றாராம்.

அறுந்த பாலத்தை உலகம் அறியும். அணைநீரில் மூழ்கிய பழைய தெல்தெனியா நகரை எத்தனை பேர் அறிவர்? கடைத்தெருவும் வீடுகளும் வழிபாட்டிடமும் நீருக்குள் சென்றன. கடும் வரட்சியில் நீர் வற்றும்பொழுது அந்நகரின் சுவர்கள் தலைகாட்டும். பழைய குடிகள் வந்து தம் வீட்டுப் படியைத் தேடுவர். நாம் சென்ற நாளில் நீர் நிறைந்திருந்தது. சாரதி ஒருபுறத்தைக் காட்டி, "அங்கதான்" என்றார். அங்கே நீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

திரும்பும் வழியிற் படப்பிடிப்புப் பற்றியே பேச்சு. 1957 இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் இங்கே கித்துல்கலையிற் பாலம் கட்டி வெடிக்கச் செய்தார். கதையில் அது சீயத்து ஆறு. நேரிலோ எமது களனி கங்கை. பாடசாலைச் சுற்றுலா வந்த மட்டக்களப்புச் சிறுவர் ஒருவர் அப்படப்பிடிப்பைக் கண்டார். லீனின் ஆளுமை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அவரே பின்னாளில் தமிழ்த் திரையுலகம் போற்றிய பாலு மகேந்திரா. இதனைச் சொன்னதும் மகளின் முகம் மலர்ந்தது. "வேடிக்கை பார்த்த பிள்ளை படம் எடுத்திருக்குது" என்றாள்.

அந்தானை மலையில்

மூன்றாம் நாள் அந்தானைக்கு ஏறினோம். கண்டி நகரிலிருந்து சுமார் 3 மைல். 1925 இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை அரும்பொருட் காட்சியகமாக விளங்குகிறது. பழைய உருளை இயந்திரங்கள், 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள் முதலியவற்றைக் கண்டோம். மேல்மாடியில் அருந்திய தேநீர் மணமாக இருந்தது.

வெளியே வந்து, தோட்டத்துப் பாதையிற் சற்றுத் தூரம் நடந்தோம். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைக் கண்டோம். ஐம்பதைக் கடந்திருப்பார். மகள் தயக்கமின்றி அருகே சென்று அமர்ந்தாள்.

"ஒரு வெள்ளைக்காரப் படம் இங்க எடுத்தவையாம். உங்களுக்குத் தெரியுமோ, அம்மா?"

"தெரியாமலா? எனக்கு அப்ப பத்து வயசு. ஸ்கூலுக்குப் போகாம ஓடிப்போய்ப் பார்த்தோம். லொறி லொறியா சாமான் வந்திச்சு. யானை வந்திச்சு. நாங்க தூரத்துல நின்னோம். எங்கம்மா வந்து காதைத் திருகி இழுத்துக்கிட்டுப் போனாங்க."

"படத்தைப் பார்த்தீங்களோ?"

"எங்கேம்மா பார்க்கிறது?" என்று சிரித்தார்.

நாற்பத்தோர் ஆண்டுகளின் பின்னர், எம் மகளின் கைபேசியில் அவர் அப்படத்தின் கிராமக் காட்சியைக் கண்டார். முதியவராகத் தோன்றும் டி. ஆர். நாணயக்கார என்ற சிங்கள நடிகரைக் கண்டு தலையசைத்தார். அந்நடிகருக்கு ஆங்கிலம் தெரியாது; ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்ல அவ்வாறே திருப்பிச் சொன்னார் என்று மகள் விளக்கியதும் அம்மையாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதுல இது எந்த ஊருன்னு சொல்றாங்க, பாப்பா?"

"இந்தியா."

அம்மையார் வெற்றிலையை வாயில் இட்டார். "நல்ல கதை. எங்க பெரியப்பா குடும்பத்தை இந்தியாவுக்குப் போங்கன்னு அனுப்பிவிட்டாங்க. இப்ப மலையையும் அனுப்பிட்டாங்களா?"

நாம் சிரிக்க முயன்றோம், முடியவில்லை. இம்மலையிற் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவரின் வழித்தோன்றல்கள் 1948 சட்டத்தாற் குடியுரிமை இழந்தனர். 1964 இற் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. ஏடுகளிற் படித்திருக்கிறோம். அன்று அதனை ஒரு வெற்றிலைச் சிரிப்பிற் கேட்டோம்.

காட்சி முடிந்தது. "திரும்பப் போடு" என்றார். இம்முறை அவர் நாயகனைப் பார்க்கவில்லை. படத்தின் பின்புறத்தே தெரிந்த மலைமுகட்டிலேயே கண் பதித்திருந்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கந்தான். அந்த வருசம் ஆடி மாசம் கலவரம் வந்திச்சே? லயத்தை விட்டுட்டு ராத்திரியில ஓடிவந்து இந்த மலைக்குள்ளதான் ஒளிஞ்சிருந்தோம். ரெண்டு ராத்திரி. தம்பி கைப்புள்ள. அழுதிடுவான்னு அம்மா வாயைப் பொத்திக்கிட்டே இருந்தாங்க. கீழ ஒரு சிங்கள வீட்டுக்காரங்க சோறு கொண்டுவந்து வச்சுட்டுப் போனாங்க."

1983 ஏப்ரலில் உலகப் புகழ் பெற்ற படக்குழு, யூலையிற் கலவரம். கண்டியும் அதற்குத் தப்பவில்லை. அதே நாள்களிற் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்பு நிலையமும் தீக்கிரையாயிற்று. படச்சுருள்களும் அதனோடு எரிந்தன. மலையகத்தைப் பற்றி மலையகத்தவரே எடுத்த படங்களும் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து, தெளிவத்தை ஜோசப் கதை எழுதிய 'புதிய காற்று' 1975 இல் வெளிவந்தது. அதனை இன்று எம் மகளுக்குக் காட்ட எண்ணினோம். எங்கு தேடியும் எம் கைக்கு எட்டவில்லை. இந்தியானா ஜோன்ஸோ, வீட்டிலிருந்தபடி நினைத்த நொடியிற் கிடைக்கிறது.

மகள் கைபேசியைத் திருப்பிப் பிடித்தாள். "அம்மா, இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லுறீங்களோ? நான் படம் எடுக்கட்டோ?"

அம்மையார் முதலில் நாணினார். முந்தானையைச் சரிசெய்தார். பின்னர், "லயத்துக்கு வா. அங்க வச்சு எடு. மலையை எல்லாரும் எடுத்தாச்சு" என்றார்.

லயத்துக்குச் சென்றோம். தகரக் கூரையின்மேல் மழை பிடித்துக்கொண்டது. வாசற்படியில் அமர்ந்து அவர் பேசினார். பேரப்பிள்ளை ஒன்று மடியில் ஏறி இறங்கியது. இடையிற் சாயத் தேநீர் வந்தது. அரும்பொருட் காட்சியகத்துத் தேநீரின் மணம் இதற்கில்லை. உயர்ந்த கொழுந்து ஏற்றுமதிக்குச் செல்வது; தோட்டத்தார்க்கு எஞ்சுவது தூள்.

அன்றிரவு விடுதியிற் சென்னைத் தொடர் தொடங்கும் நேரம் வந்தது. மகள் தான் எடுத்ததைப் போட்டுக் காட்டினாள். படம் நடுங்கியது. மழை இரைச்சலிற் சில சொற்கள் கேட்கவில்லை. ஒளி போதாது. பதினொரு நிமிடம் ஓடியது. துரத்தப்பட்ட மருமகள் என்ன ஆனாள் என்று மாமி கேட்கவே இல்லை.

"அந்த மனிசி தம்பிக்காரனைப் பற்றிச் சொன்ன இடத்தைத் திருப்பிப் போடு, பிள்ளை" என்றார்.